டிஎக்ஸ் உண்மையிலேயே மறுபக்கம் போகிறதா?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, இப்போது பொறியியல் முதலாண்டில் இருக்கிறேன். டிஒய்/டிஎக்ஸ் என்பது பின்னம் அன்று, பிரிக்கக் கூடாத ஒற்றைக் குறியீடு என்று பள்ளி ஆசிரியர் வலியுறுத்திச் சொன்னார். கல்லூரியில் மாறிகளைப் பிரிக்கும் முறையை நடத்தியபோது, அதே டிஎக்ஸை இருபுறமும் பெருக்கி மறுபக்கம் கொண்டுபோகச் சொன்னார்கள். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? அண்மையில் ஒரு தேர்வில் டிஒய்/டிஎக்ஸ் = 2 எக்ஸ் ஒய்² என்ற சமன்பாடு வந்தது. ஒய் = 1/(சி − எக்ஸ்²) என்று பொதுத் தீர்வு கண்டேன். எக்ஸ் = 0 எனில் ஒய் = 0 என்ற நிபந்தனைக்கு எந்த சி-யும் பொருந்தாததால் 'தீர்வு இல்லை' என்று எழுதினேன்; மதிப்பெண் கிடைக்கவில்லை. எக்ஸ் = 0 எனில் ஒய் = 1 என்று கொண்டால் எக்ஸ் = 2 என்னும் இடத்தில் ஒய்-இன் மதிப்பு என்ன என்பதற்கு −1/3 என்று எழுதினேன்; அதையும் அடித்துவிட்டார்கள். கணக்கை எத்தனை முறை பார்த்தாலும் பிழை தெரியவில்லை. மேலும், ஒரு சமன்பாட்டில் மாறிகளைப் பிரிக்க முடியுமா என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா?

பதில்: அன்புள்ள மாணவருக்கு,

உங்கள் ஐயங்கள் வெவ்வேறானவை போலத் தோன்றினாலும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. மாறிகளைப் பிரிக்கும் முறைக்குள் நாம் தாளில் எழுதாமல் செய்யும் இரண்டு செயல்கள் இருக்கின்றன. ஒன்று வகுத்தல், மற்றொன்று சங்கிலி விதியைப் பின்னோக்கிப் பயன்படுத்துதல். இவ்விரண்டுக்கும் உரிய நிபந்தனைகளைப் பாராமல் எழுத்துகளை மட்டும் இடம் மாற்றினால், இயற்கணிதத்தில் ஒரு பிழையும் செய்யாமலேயே தவறான முடிவுக்குப் போய்ச் சேரலாம். உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

பள்ளி ஆசிரியர் சொன்னது சரி. ஒய்-இல் ஏற்படும் மாற்றத்தை எக்ஸ்-இல் ஏற்படும் மாற்றத்தால் வகுத்து, எக்ஸ்-இன் மாற்றம் பூச்சியத்தை நெருங்கும்போது அந்த ஈவு எந்த எண்ணை நெருங்குகிறதோ அந்த எல்லை மதிப்பே டிஒய்/டிஎக்ஸ். அதற்குத் தனியாக ஒரு தொகுதியும் தனியாக ஒரு பகுதியும் கிடையா. கல்லூரியில் செய்து காட்டியதும் தவறன்று, ஆனால் அது ஒரு சுருக்கெழுத்து. அந்தச் சுருக்கெழுத்தை விரித்து எழுதினால் டிஎக்ஸ் எங்கும் போவதில்லை என்பது தெரியும்.

உங்கள் சமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒய் பூச்சியமாகாத ஓர் இடைவெளியில் இருபுறத்தையும் ஒய்²-ஆல் வகுத்தால் (1/ஒய்²) × (டிஒய்/டிஎக்ஸ்) = 2 எக்ஸ் என்று கிடைக்கிறது. இடப்பக்கத்தில் இருப்பது என்ன என்று நின்று பாருங்கள். −1/ஒய் என்பதை ஒய்-ஐப் பொறுத்து வகையிட்டால் 1/ஒய்² வரும். ஒய் என்பதோ எக்ஸ்-இன் சார்பு. ஆகவே −1/ஒய் என்பதை எக்ஸ்-ஐப் பொறுத்து வகையிட்டால், சங்கிலி விதிப்படி, துல்லியமாக அந்த இடப்பக்கமே வருகிறது. வலப்பக்கத்தில் இருக்கும் 2 எக்ஸ் என்பது எக்ஸ்²-இன் வகைக்கெழு. எனவே −1/ஒய், எக்ஸ்² என்னும் இரண்டு சார்புகளுக்கும் ஒரே வகைக்கெழு இருக்கிறது. ஓர் இடைவெளி முழுவதும் ஒரே வகைக்கெழுவைக் கொண்ட இரண்டு சார்புகள் ஒரு மாறிலியால் மட்டுமே வேறுபட முடியும் என்பது சராசரி மதிப்புத் தேற்றத்தின் விளைவு. ஆகவே −1/ஒய் = எக்ஸ்² − சி; அதைத் திருப்பினால் நீங்கள் எழுதிய ஒய் = 1/(சி − எக்ஸ்²).

இந்த வழியில் எந்த இடத்திலும் டிஎக்ஸை யாரும் பெருக்கவில்லை. பொதுவாக, டிஒய்/டிஎக்ஸ் = (எக்ஸ்-இன் சார்பு) × (ஒய்-இன் சார்பு) என்ற வடிவில் எந்தச் சமன்பாடு வந்தாலும் இதையே செய்யலாம்: ஒய்-இன் சார்பால் வகுக்க வேண்டும், இடப்பக்கம் முழுவதும் ஒரே சார்பின் வகைக்கெழு என்று கண்டுகொள்ள வேண்டும், இருபுறமும் எக்ஸ்-ஐப் பொறுத்துத் தொகையிட வேண்டும். டிஒய்-ஐ ஒருபுறமும் டிஎக்ஸை மறுபுறமும் வைத்து இருபக்கமும் தொகையீட்டுக் குறி போடுவது, பிரதியிடல் முறையில் தொகையிடுவதைக் குறுக்கி எழுதும் வழியே தவிர வேறொன்றும் இல்லை. அந்தக் குறுக்குவழி ஒவ்வொரு முறையும் சரியான இடத்துக்கே கொண்டு சேர்ப்பது தற்செயல் அன்று. 1675ஆம் ஆண்டில் ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் இந்தக் குறியீட்டை வகுத்தபோது, சங்கிலி விதியும் பிரதியிடலும் எழுத்தளவிலேயே பின்னங்களைப் போல நடந்துகொள்ளும்படி அது அமைந்துவிட்டது. கணிதத்தில் நல்ல குறியீடு எவ்வளவு பெரிய கொடை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

வரலாற்றில் இந்த முறை பிறந்த விதமும் உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. ஒரு வளைகோட்டின் வழியே சறுக்கி விழும் பொருள் சமமான நேரங்களில் சமமான செங்குத்து உயரம் இறங்க வேண்டுமானால் அந்த வளைகோடு எது என்ற கேள்வியை லைப்னிட்ஸ் 1687இல் முன்வைத்தார். 1690இல் யாக்கோப் பெர்னூலி அதற்கு வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றை அமைத்து, ஒய்-ஐ மட்டும் கொண்ட வகையீடு ஒருபுறமும் எக்ஸ்-ஐ மட்டும் கொண்ட வகையீடு மறுபுறமும் வரும்படி எழுதி, இவை சமம் என்றால் இவற்றின் தொகையீடுகளும் சமம் என்று முடித்தார். அடுத்த ஆண்டே லைப்னிட்ஸ் இதைப் பொதுவான முறையாகக் கண்டார்; யாக்கோபின் தம்பி யோகான் பெர்னூலி 1694இல் அதற்கு மாறிகளைப் பிரித்தல் என்ற பெயரைக் கொடுத்தார். எல்லை மதிப்பு பற்றிய கறாரான வரையறை 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது என்பதால், அவர்கள் டிஒய், டிஎக்ஸ் ஆகியவற்றை உண்மையான நுண்ணிய அளவுகளாகவே கருதிப் பெருக்கினார்கள், வகுத்தார்கள். நாம் அவர்களுடைய எழுத்துமுறையை வைத்துக்கொண்டு, அதற்கான காரணத்தை மட்டும் மாற்றியிருக்கிறோம். உங்கள் இரண்டு ஆசிரியர்களுக்கும் இடையில் நீங்கள் கண்ட முரண்பாடு இந்த மாற்றத்தின் தடம்தான்.

இனி, 'தீர்வு இல்லை' என்று நீங்கள் எழுதிய இடத்துக்கு வருகிறேன். ஒய்²-ஆல் வகுத்த அந்த நொடியில், ஒய் பூச்சியம் அன்று என்று நீங்கள் சொல்லாமலே சொல்லிவிட்டீர்கள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு வரியும் அந்த அனுமானத்துக்கு உட்பட்டது. அப்படியிருக்க, எக்ஸ் = 0 எனில் ஒய் = 0 என்ற நிபந்தனையைக் கடைசி வரியில் கொண்டுவந்து வைத்தால், முதலில் விலக்கி வைத்த ஒன்றையே முடிவில் தேடுவதாக ஆகிறது; அங்கே அது கிடைக்காது. மூலச் சமன்பாட்டுக்குத் திரும்புங்கள். எல்லா எக்ஸ்-க்கும் ஒய் = 0 என்று வைத்தால் இடப்பக்கம் 0, வலப்பக்கமும் 0. ஆக, ஒய் = 0 என்ற மாறிலிச் சார்பே தீர்வு; நிபந்தனையையும் அது நிறைவு செய்கிறது. சி-க்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் 1/(சி − எக்ஸ்²) பூச்சியமாகாது என்பதால், நீங்கள் 'பொதுத் தீர்வு' என்று பெயரிட்ட குடும்பத்துக்குள் இந்தத் தீர்வு அடங்கவே இல்லை.

இதைச் சற்று எளிய சமன்பாடு ஒன்றோடு ஒப்பிட்டால், இந்தப் பிழை ஏன் பல மாணவர்களிடம் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கிறது என்பது விளங்கும். டிஒய்/டிஎக்ஸ் = 2 எக்ஸ் ஒய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒய்-ஆல் வகுத்துத் தொகையிட்டால் ஒய்-இன் மட்டு மதிப்பின் இயல் மடக்கை எக்ஸ்² + கே என்று வரும் (கே ஒரு மாறிலி; ஈ என்பது இயல் மடக்கையின் அடிமானம்); மடக்கையை நீக்கினால் ஒய் = ±ஈ^கே × ஈ^(எக்ஸ்²). வழக்கமாக அந்த ±ஈ^கே என்பதை ஏ என்ற ஒரே எழுத்தால் குறித்து, ஒய் = ஏ × ஈ^(எக்ஸ்²) என்று முடிக்கிறோம். ±ஈ^கே என்பது எக்காலத்திலும் பூச்சியமாகாது; ஆனால் ஏ என்று எழுதியவுடன் அது எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்று விட்டுவிடுகிறோம்; ஏ = 0 என்றால் தொலைந்துபோன ஒய் = 0 தானாகத் திரும்பி வந்துவிடுகிறது. இங்கே பெயர் மாற்றம் மாணவரைக் காப்பாற்றுகிறது. பாடநூல்களில் வரும் கணக்குகளில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பதால், வகுக்கும்போது எதையும் கவனிக்க வேண்டியதில்லை என்ற பழக்கம் வேரூன்றிவிடுகிறது. உங்கள் தேர்வில் வந்தது போன்ற ஒரு சமன்பாடு வந்ததும் அந்தப் பழக்கம் கைவிட்டுவிடுகிறது. ஆகவே இந்தப் பாடத்தைக் கற்பிக்கும் வரிசையையே மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரிப்பதற்கு முன்பே, ஒய்-ஐ மட்டும் கொண்ட காரணி எந்தெந்த மதிப்புகளில் பூச்சியமாகிறது என்று கண்டு, அந்த மாறிலித் தீர்வுகளைத் தாளின் தலையில் எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகே வகுக்க வேண்டும்.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் இன்னொரு கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும். எக்ஸ் = 0 என்னும் இடத்தில் ஒய் = 1 என்று தொடங்கும் தீர்வு, தொடக்கத்தில் பூச்சியமில்லாமல் இருந்து, வழியில் எங்காவது பூச்சியத்தைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? அப்போது நாம் வகுத்தது அந்த இடத்தில் செல்லாததாகிவிடாதா? இதற்கு விடை, பிரித்து வைத்த தொகையீட்டிலேயே இருக்கிறது. ஒய் ஒரு நேர் மதிப்பிலிருந்து பூச்சியத்துக்கு இறங்க வேண்டுமானால், 1/ஒய்² என்பதை அந்த மதிப்பிலிருந்து பூச்சியம் வரை தொகையிட்டு வரும் அளவுக்கு எக்ஸ்² மாற வேண்டும். அந்தத் தொகையீடு முடிவிலி. எக்ஸ்² முடிவுள்ள ஓரிடத்தில் முடிவிலி அளவு மாற முடியாது. எனவே பூச்சியத்தில் தொடங்காத தீர்வு பூச்சியத்தை எட்டவே எட்டாது. நாம் வகுத்தது அந்தத் தீர்வு வாழும் இடைவெளி முழுவதிலும் செல்லும். ஒருமைத் தேற்றம் என்று நீங்கள் பின்னர் படிக்கப்போவது இதையே பரந்த அளவில் உறுதிப்படுத்துகிறது. வலப்பக்கச் சார்பு ஒய்-ஐப் பொறுத்து மிகச் செங்குத்தாக ஏறாமல் இருந்தால், ஒரு புள்ளி வழியே ஒரே ஒரு தீர்வுதான் செல்லும்; இரண்டு தீர்வுகள் ஒன்றையொன்று தொடா. அந்த நிபந்தனையை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கணித அறிஞர் லிப்ஷிட்ஸ் வகுத்துக் கொடுத்தார்.

ஆனால் அந்தத் தொகையீடு முடிவிலியாக இல்லாமல் ஓர் எண்ணாக வந்துவிடும் சமன்பாடுகளும் உண்டு. நீங்கள் பொறியியல் படிப்பதால் அத்தகைய ஒன்றை விரிவாகவே சொல்கிறேன். வீடுகளில் இருக்கும் 1000 லிட்டர் தொட்டி அளவுக்கு ஒரு தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: அடிப்பரப்பு 1 சதுர மீட்டர், நீரின் உயரம் 1 மீட்டர், அடியில் 1 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள துளை. துளையிலிருந்து வெளியேறும் நீரின் வேகம், நீரின் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது 1644இல் வெளியான தோரிசெல்லியின் விதி. ஆகவே உயரம் குறையும் வீதம் = கே × √உயரம். இங்கே கே என்பது துளைக்கும் அடிப்பரப்புக்கும் உள்ள விகிதத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது. நம் தொட்டிக்கு அது ஏறக்குறைய 0.000443. √உயரத்தால் வகுத்துத் தொகையிட்டால், நொடிக் கணக்கில் நேரத்தைக் கொண்டு, உயரம் = (1 − கே × நேரம்/2)² என்று கிடைக்கும்.

இந்த விடையில் உண்மை நிறைய இருக்கிறது. பாதி உயரம் இறங்க ஏறத்தாழ 22 நிமிடம் போதும். எஞ்சிய பாதி இறங்க மேலும் 53 நிமிடம் பிடிக்கும். ஆக 75 நிமிடத்தில் தொட்டி காலியாகும். (துளையைத் தாண்டியதும் நீர்த்தாரை குறுகிவிடுவதால் உண்மையான தொட்டி இதைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், அது வேறு பாடம்.) இப்போது 90 நிமிடத்துக்குப் பின் நீரின் உயரம் என்ன என்று அதே வாய்பாட்டில் 5400 நொடியைப் பிரதியிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் என்று வரும். காலியான தொட்டியில் யாரும் ஊற்றாமல் நீர் ஏறுவதாக வாய்பாடு சொல்கிறது. தவறு எங்கே? உயரம் பூச்சியமான நொடியோடு, √உயரத்தால் நாம் வகுத்த உரிமை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லும் தீர்வு, பிரிப்பதற்கு முன் எழுதி வைத்திருக்க வேண்டிய 'உயரம் = 0' என்ற மாறிலித் தீர்வு. முழுத் தீர்வு என்பது இரண்டையும் இணைத்தது: 75 நிமிடம் வரை அந்த வர்க்க வாய்பாடு, அதன்பின் பூச்சியம்.

இந்தத் தொட்டியில் ஒருமைத் தன்மை ஏன் தவறுகிறது என்பதையும் நேராகக் காண முடியும். 1/√உயரம் என்பதைப் பூச்சியம் வரை தொகையிட்டால் முடிவுள்ள எண் வருகிறது. ஆகவே முடிவுள்ள நேரத்தில் நீர்மட்டம் பூச்சியத்தை எட்டுகிறது, மாறிலித் தீர்வைத் தொடுகிறது. அதன் விளைவாக, காலித் தொட்டி ஒன்றை இப்போது பார்க்கும் ஒருவரால் அது எப்போது காலியானது என்று கணக்கிட்டுச் சொல்ல இயலாது. இந்த நொடியில் உயரம் 0 என்ற ஒரே நிபந்தனையை, பத்து நிமிடம் முன்பு காலியான தொட்டியும் நேற்றுக் காலியான தொட்டியும் ஒருங்கே நிறைவு செய்கின்றன. பிரிக்கத்தக்க சமன்பாடு எதுவானாலும் மாறிலித் தீர்வின் அருகே இந்தத் தொகையீடு முடிவுள்ளதா, முடிவிலியா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிற தீர்வுகள் அதைத் தொடுமா, தொடாதா என்பதை அந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

−1/3 என்ற விடை ஏன் அடிக்கப்பட்டது என்பதற்கும் இதே தொகையீடு போதும். எக்ஸ் = 0 எனில் ஒய் = 1 என்றால் சி = 1; தீர்வு ஒய் = 1/(1 − எக்ஸ்²). இங்கே ஒய் 1 என்ற மதிப்பிலிருந்து முடிவிலி வரை ஏறுவதற்குத் தேவையான அளவு என்ன? 1/ஒய்² என்பதை 1 முதல் முடிவிலி வரை தொகையிட்டால் 1 வருகிறது. அதாவது எக்ஸ்² வெறும் 1 அளவு மாறினாலே போதும், ஒய் எல்லையற்றுப் பெருகிவிடுகிறது. எக்ஸ் 1-ஐ நெருங்கும்போது தீர்வு முடிந்துவிடுகிறது. எதிர்ப்புறம் −1-ஐ நெருங்கும்போதும் அப்படியே. எனவே அந்தத் தொடக்க நிபந்தனைக்குரிய தீர்வு −1-க்கும் 1-க்கும் இடைப்பட்ட இடைவெளியில் மட்டுமே இருக்கிறது. எக்ஸ் = 2 என்னும் இடத்தில் அதற்கு மதிப்பே கிடையாது என்பதுதான் சரியான விடை.

ஆனால் 1/(1 − எக்ஸ்²) என்ற கோவையில் 2-ஐப் பிரதியிட்டால் −1/3 வருகிறதே, எக்ஸ் 1-ஐவிடப் பெரிதாக இருக்கும்போதும் அந்தக் கோவை சமன்பாட்டை நிறைவு செய்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நிறைவு செய்வது உண்மை; ஆனால் அது வேறொரு தீர்வு. முன்பு நான் 'ஓர் இடைவெளி முழுவதும் ஒரே வகைக்கெழு' என்று எழுதியதை நினைத்துப் பாருங்கள். இரண்டு சார்புகள் ஒரு மாறிலியால் மட்டுமே வேறுபடும் என்ற முடிவு, துண்டுபடாத ஓர் இடைவெளிக்குள் மட்டுமே செல்லும். எக்ஸ் = 1 என்னும் இடத்தில் அந்த இடைவெளி அறுந்துவிட்டது. அதற்கு அப்பால் சி-க்கு 1 என்றே மதிப்பு இருக்க வேண்டும் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை; அங்கே சி = 2 என்று எடுத்தாலும், சி = −7 என்று எடுத்தாலும், எக்ஸ் = 0 என்னும் இடத்தில் கொடுத்த நிபந்தனையோடு அது முரண்படப் போவதில்லை. இங்கிருந்து கிடைத்த தகவல் அந்தப் பக்கம் கடந்து போகவில்லை. பொறியியலில் இது வெறும் நுணுக்கம் அன்று. வெப்பமோ அழுத்தமோ எல்லையற்றுப் பெருகும் இடத்துக்கு அப்பால் வாய்பாடு தரும் எண்ணை நம்பி ஒருவர் கருவியை வடிவமைத்தால், அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த இயற்பியலும் இருக்காது. தீர்வை எழுதும்போது அது செல்லும் இடைவெளியையும் சேர்த்து எழுதுவதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

மாறிலி பற்றி ஒரு சொல். தொகையிடும் அந்த வரியிலேயே அதை எழுத வேண்டும். ஒய்-ஐத் தனிமைப்படுத்திய பிறகு கடைசியில் '+ சி' என்று ஒட்டினால், உங்கள் சமன்பாட்டில் ஒய் = −1/எக்ஸ்² + சி என்று வந்துவிடும்; சி = 0 தவிர வேறு எந்த மதிப்புக்கும் அது தீர்வு அன்று என்பதைப் பிரதியிட்டால் காணலாம். தொடக்க நிபந்தனை கொடுக்கப்பட்டிருந்தால், மாறிலியே இல்லாமல், தொடக்க மதிப்பிலிருந்து நடப்பு மதிப்பு வரை இருபுறமும் வரையறுத்த தொகையீடு செய்வது எனக்குப் பிடித்த வழி. குறிப்பிழைகள் அதில் குறைவு. எடுத்துக்காட்டாக, கதிரியக்கக் கார்பன் சிதையும் வீதம் அப்போது எஞ்சியிருக்கும் அளவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது. தொடக்க அளவிலிருந்து இப்போதைய அளவு வரை தொகையிட்டால், 5730 ஆண்டு அரைவாழ்வுக்காலத்தைக் கொண்டு, வயது = 8267 × (தொடக்க அளவு/இப்போதைய அளவு என்பதன் இயல் மடக்கை) என்று ஒரே வரியில் வந்துவிடுகிறது. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்று பொ.ஆ.மு. 580ஐச் சேர்ந்தது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. ஏறத்தாழ 2600 ஆண்டு பழமையான ஒரு கரித்துண்டில் தொடக்கத்தில் இருந்த கதிரியக்கக் கார்பனில் சுமார் 73 விழுக்காடு எஞ்சியிருக்கும் என்பதை மேலே உள்ள வாய்பாட்டில் வைத்து நீங்களே சரிபார்க்கலாம். காற்றில் அந்தக் கார்பனின் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதால், ஆய்வகங்கள் மர வளையங்கள் போன்றவற்றைக் கொண்டு இந்த வயதைத் திருத்திய பிறகே வெளியிடுகின்றன. தொடக்க நிபந்தனை எவ்வளவு துல்லியமோ அவ்வளவுதான் தீர்வும் துல்லியம்.

பிரிக்க முடியுமா என்று முன்கூட்டியே அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வலப்பக்கம் எக்ஸ்-இன் சார்பும் ஒய்-இன் சார்பும் பெருகிய பெருக்கற்பலனாக இருந்தால், எக்ஸ்-க்கு இரண்டு மதிப்புகளையும் ஒய்-க்கு இரண்டு மதிப்புகளையும் எடுத்து, நான்கு சேர்க்கைகளிலும் வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, குறுக்காகப் பெருக்கினால் இரண்டு பெருக்கற்பலன்களும் சமமாக வரவேண்டும். டிஒய்/டிஎக்ஸ் = எக்ஸ் + ஒய் என்பதை எடுத்து, இரண்டு மாறிகளுக்கும் 1, 2 என்ற மதிப்புகளைக் கொடுத்துப் பாருங்கள்: (1, 1) 2-ஐத் தருகிறது, (2, 2) 4-ஐத் தருகிறது, பெருக்கினால் 8; (1, 2), (2, 1) இரண்டும் 3-ஐத் தருகின்றன, பெருக்கினால் 9. சமமில்லை; எனவே எவ்வளவு முயன்றாலும் இதை இப்படியே பிரிக்க இயலாது. சோதனையில் சமம் வராவிட்டால் முடிவு உறுதி. சமம் வந்தால் காரணிப்படுத்த முயல்வது பயனுள்ளது என்று மட்டும் கொள்ளுங்கள். எக்ஸ் ஒய் + எக்ஸ் + ஒய் + 1 என்பது கூட்டலாகத் தோன்றினாலும் (எக்ஸ் + 1)(ஒய் + 1) என்று பிரியும். ஈ^(எக்ஸ் + ஒய்) என்பதும் அப்படியே.

பிரியாத சமன்பாட்டையும் சில வேளைகளில் புதிய மாறி ஒன்றைப் புகுத்திப் பிரிய வைக்கலாம். எக்ஸ் + ஒய் = யு என்று வைத்தால், மேலே உள்ள சமன்பாடு டியு/டிஎக்ஸ் = 1 + யு என்று ஆகி எளிதில் பிரிகிறது. அங்கேயும் 1 + யு = 0 என்ற மாறிலித் தீர்வை முதலில் குறித்துவிடுங்கள்; பழைய மாறிகளுக்குத் திரும்பினால் அது ஒய் = −எக்ஸ் − 1 என்ற நேர்கோடு. மாறிலியாகத் தோன்றாத தீர்வுகள்கூட வகுத்தலில் தொலையக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வலப்பக்கம் ஒய்/எக்ஸ் என்ற விகிதத்தை மட்டுமே சார்ந்திருக்கும் சமபடித்தான சமன்பாடுகளில் ஒய் = வி × எக்ஸ் என்று பிரதியிடுவதும் இதே நோக்கத்துக்காகத்தான்.

கடைசியாக, நீங்களே உங்களைச் சோதித்துக்கொள்ள ஒரு கணக்கு தருகிறேன். டிஒய்/டிஎக்ஸ் = எக்ஸ் × √(1 − ஒய்²); எக்ஸ் = 0 எனில் ஒய் = 1. மாறிகளைப் பிரித்து, தொகையிட்டு, மாறிலியைக் கண்டால் ஒய் = கொசைன்(எக்ஸ்²/2) என்று மிகச் சுத்தமாக ஒரு விடை வரும். அதை மூலச் சமன்பாட்டில் வைத்து எக்ஸ் = 1 என்னும் இடத்தில் பாருங்கள்: இடப்பக்கம் ஏறத்தாழ −0.479, வலப்பக்கம் +0.479. அந்தக் குறி எந்த வரியில் மாறியது என்பதையும், சரியான தீர்வு எது என்பதையும், அதைத் தவிர வேறு தீர்வு ஏன் இருக்க முடியாது என்பதையும் மேலே சொன்னவற்றைக் கொண்டே உங்களால் காட்ட முடியும். தலைகீழ் சைன் சார்பின் மதிப்புகள் எந்த எல்லைக்குள் அடங்கும் என்பதில் தொடங்குங்கள்.